நாடா இல்லாத தறி

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் இயக்க வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க அறிவிப்பு ஒன்றை, சங்கச் செயலாளர் என்ற முறையில், இப்போது வெளியிடுகிறேன்: உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை போதவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

கூலி உயர்வு கேட்டுச் சின்ன காஞ்சிபுரம் முழுக்கத் தறியை நிறுத்தினோம். மேடையில் அதைப் புரட்சி என்றேன். கூலி என்றால் கைதட்டல் குறைவு. எவனும் திருட்டுத்தனமாக நெய்யக்கூடாது என்று எல்லா வீட்டு நாடாக்களையும் வாங்கிச் சாக்கில் கட்டிச் சங்க ஆபீசில் போட்டோம். பாவுக்குக் குறுக்கே ஊடை நூலை ஓட்டுவது நாடாதான். அது இல்லாவிட்டால் தறி வெறும் மரச்சாமான். யோசனை என்னுடையது.

முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தவன் கோதண்டபாணி.

"பத்திரமா வெச்சிக்கபா செயலாளரு. உன் வாயி மாதிரி இதுவும் சும்மா ஓடிக்கினே இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

அவனுக்கு ஒரு கைக்குழந்தை. பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்துத் தூளியில் கிடந்தது. தறிச் சத்தம் நின்றதும் அதன் தூக்கமும் போயிற்று. சம்பவத்தன்று காலையில் ஆபீசுக்கு வந்து அனுமதி கேட்டான்.

"புள்ள அழுதுக்கினே இருக்குதுபா. சும்மா வெறும் தறியத் தட்டிக்கட்டா?"

"தட்டிக்கோபா" என்றேன். அப்போது எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆபீசில் யாருமில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் சங்கத்து இளைஞர்களை அழைத்துக்கொண்டு அவன் தெருவில் நடந்தேன். எல்லோருக்கும் காலிவயிறு. தறிச் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நின்றேன், அவ்வளவுதான். பையன்கள் தடிகளோடு அவன் வீட்டுக்குள் பாய்ந்தார்கள்.

தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருப்பவனால் சட்டென்று எழ முடியாது. அவன் மனைவி பெரியநாயகி குறுக்கே விழுந்தாள்.

"நாடா உங்க ஆபீசுலதானே இருக்குது, புள்ளைக்கோசரம் தட்டிக்கினு இருந்தாரு. உன்னக் கேட்டுக்கினுதானே வந்தாரு, நீயே சொல்லுண்ணா."

தடிகள் நின்றன. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"வேற நாடா வெச்சிருப்பான்பா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

தடிகள் மறுபடி நின்றபோது கோதண்டபாணி உயிரோடு இல்லை.

நான் கொலைகாரன் இல்லை, ஐயா. எதையும் இயக்கத்தின் கண்ணால் பார்ப்பவன். துரோகி ஒருவன் அகப்பட்டால்தான் தோற்ற போராட்டத்துக்கும் மரியாதை. தலைமைமேல் யாரும் விரல் நீட்டமாட்டார்கள்.

வேலைநிறுத்தம் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் முதலாளிகளிடம் பழைய கூலிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அந்தத் தெருவுக்குப் போனேன்.