சாம்பல் சீமெந்து தந்த சந்திரகாந்தா அவர்களுக்கு

2023 பெப்ரவரி 14, கலேவெல: காலையில் எங்கள் ஆலையிலிருந்து சீமெந்து ஏற்றிப் போன லொறி, ஒரு மூட்டையும் இறக்காமல் மாலையில் நாலந்தாவுக்குத் திரும்பியது.

கல்லின் குணம் கண்டவரே! சாம்பலுக்குச் சிறப்புத் தேடியவரே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் ஆய்வுகூடத்தை ஆண்டு, இன்று ஓய்வு பெறும் சந்திரகாந்தா மிஸ் அவர்களே! தங்கள் புகழை அந்த லொறியிலிருந்து தொடங்குவதைப் பொறுத்தருள்க. சபையோருக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

பூமியைச் சூடாக்கும் காபன் வாயுவைக் குறைக்க, சூளையில் நிலக்கரிக்குப் பதில் வேறு எதையாவது எரிக்கலாம். ஆனால் சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது கல்லுக்குள்ளிருந்தே அவ்வாயு வெளியேறுகிறது. அதை எப்படித் தடுப்பது? சுட்ட கல்லில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, கலேவெல நெல் ஆலைகள் கொட்டித் தள்ளும் உமியின் சாம்பலைச் சேர்ப்போம் என்றார் மிஸ். அச்சீமெந்தில் வார்த்த கட்டிகள் எல்லாச் சோதனையிலும் தேறின. நிறம்தான் கறுத்திருந்தது.

கலேவெலக் கடைக்காரர் மஹ்ரூப் முதலாளி அதைத் தேங்கிக் கிடந்த பழைய சரக்கென்று எண்ணிவிட்டார்.

"பழசு இல்லீங்க முதலாளி, ஒங்க ஊரு உமிச்சாம்பல்தான்" என்றார் லொறியோடு போயிருந்த மிஸ்.

"அப்ப பல்லு வெளக்க ரெண்டு பிடி வெச்சிட்டுப் போங்க மிஸ். வீடு கட்ட நல்ல சீமெந்து அனுப்புங்க!"

கடை முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார்.

வாங்க ஆளில்லாமல் சாம்பல் கலப்பது நின்றது. திரும்பி வந்த மூட்டைகளை நாங்கள் சும்மா கொடுக்க, அவற்றைக் கொண்டு பல்லேகமவில் நிஸ்தார் மேசன் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார். அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலமும் மிஸ் பஸ் ஏறிப் போய், அத்தொட்டியின் சுவரைக் கையால் தடவி வெடிப்புத் தேடினார். வெடிப்பில்லை. யாராவது ஒருவர், ஒரேயொருவர், தானாக வந்து அந்தச் சீமெந்தைக் கேட்கமாட்டாரா என்பதே அவர் ஏக்கம். "ஆள் வந்தாங்களா?" என்று விற்பனைப் பகுதியில் கேட்காத வாரமில்லை.

அன்பு மிஸ்! தாங்கள் நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ வேண்டும். தாங்கள் விடுமுறையில் இருந்த நேற்று நடந்ததை இம்மடலில் சொல்வதற்கென்றே வைத்திருந்தோம்.

நிஸ்தார் மேசன் லொறியோடு வந்தார். "தொட்டி ஒரு சொட்டு ஒழுகல்ல. இன்னொண்ணு கட்டணும். அந்தக் கறுப்புச் சீமெந்து தாங்க" என்றார். இல்லை என்றோம். மற்றதைக் காட்டினோம், வேண்டாம் என்றார். லொறி வெறுமையாகப் பல்லேகமவுக்குத் திரும்பியது.

தங்களோடு பணிபுரிந்தோர்,
நாலந்தா ஆலை