பாட்டிலில் கொட்டிய பொரி

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் நம் வணிகர் சங்கத் தலைவர் ராஜாமணி அவர்களே, கம்பைநல்லூரிலிருந்தும் பொம்மிடியிலிருந்தும் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே, வீட்டையும் கல்லாவையும் ஒருசேரச் சுமக்கும் தாய்மார்களே, நல்லம்பள்ளி மளிகைக்கடை மாதப்பனின் தலை தாழ்ந்த வணக்கம்.

சற்று முன் எனக்கு ஒரு சால்வை போர்த்தினீர்கள். இருபத்தாறு ஆண்டு நாணயமாகக் கடை நடத்தியவன் என்றீர்கள். அந்தச் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

நம் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய பையை வெட்டுவோம், பண்டத்தைப் பாட்டிலில் கொட்டுவோம், உறையைக் குப்பையில் வீசுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பது எதில்? அந்த உறையில்தானே? உறை போனபின் உண்மையை யாரிடம் கேட்பார்கள்? நம்மிடம்தான் கேட்பார்கள்.

என் கடைக்கு எதிர்ச்சந்தில் குடியிருப்பவர் கனிமொழி. அவர் மகள் கவிப்பிரியா இரண்டாம் வகுப்பு படித்தாள். பால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு முட்டும். ஊரே உவந்து குடிக்கும் பாலுக்கு அஞ்சி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வளர்த்தார் அந்தத் தாய். போன ஆவணியில் ஒரு மாலை, பாட்டிலில் இருந்த மசாலாச் சோளப்பொரியைப் பிள்ளை கை காட்டினாள்.

"இதுல பாலு கீலு சேர்த்திருக்கறாங்களாண்ணா? பாப்பாவுக்கு ஒத்துக்காதுங்க."

"பொரியில ஏதும்மா பாலு? உறையில பச்சைப் புள்ளி போட்டுத்தான் வந்துது. தைரியமா குடு."

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், பொரியில் பால் எப்படி வரும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஐயா. மசாலாவுக்குள் பால்பொடி ஒளிந்திருந்தது. அதே பால்பொடி ரொட்டியில் ஒளிகிறது, சூப்புப் பொட்டலத்தில் ஒளிகிறது. விரதக்காரர் வாங்கும் ஜெல்லி மிட்டாய் சிலவற்றில் எலும்பும் தோலும் காய்ச்சிய பசை ஒளிகிறது. பச்சைப் புள்ளி கறி இல்லை என்று சொல்லும், முட்டை இல்லை என்று சொல்லும். பால் இல்லை என்று அது எங்கே சொன்னது? நானாகச் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை ஒரு கைப்பிடி தின்றாள். ஆட்டோ தருமபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். கனிமொழி நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீங்க வேணும்னு செய்யலீங்கண்ணா. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வாங்காமப் போயிருப்பேன்."

தெரியாது. இந்த ஒரு சொல்லை இருபத்தாறு ஆண்டில் ஒருமுறை சொன்னேனா? பருப்பு புதுசா என்றால் புதுசு. எண்ணெய் சுத்தமா என்றால் சுத்தம். பால் இல்லையே என்றால் இல்லை. வந்தவர் வாங்காமல் போய்விடக் கூடாது என்று வாய் கூசாமல் சொன்னேன். நீங்கள் சொல்லவில்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

எழுத்து பொடியாக இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். என் கண்ணுக்கும் தெரியாது, என் படிப்புக்கும் எட்டாது. ஆனாலும் பாட்டில் காலியாகும்வரை உறையை அதன் கழுத்தில் கட்டி வையுங்கள். படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ளட்டும். படிக்க ஆளில்லாதபோது, "தெரியாதும்மா" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புங்கள். வியாபாரம் போகட்டும். வெறுங்கையோடு போகிற பிள்ளை நாளைக்கும் நம் கடைக்கு வரும்.

கைதட்டாமல் கேட்டீர்கள், அதற்காகவே என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம் சொல்லி அமர்கிறேன்.