ஆத்தா வைத்த முத்திரை

முட்டை பஃப்ஸுக்குள் இப்போதெல்லாம் பாதி முட்டைதான் வைக்கிறார்கள். வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி சார், குறையாகச் சொல்லவில்லை. வருடக்கணக்காக முட்டையோடு புழங்கியவன் கண்ணில் அதுதான் முதலில் படுகிறது.

என் பெயர் மதியழகன். பூர்வீகமே கீழ்க்கட்டளைதான். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம், இப்போது வீடுகளை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிற குடும்பம். தாம்பரத்தைத் தாண்டி ஒரு தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனாலும் வாயைத் திறக்காதே என்று வக்கீல் ஷ்யாம்சுந்தர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாஜிஸ்திரேட் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்க நான் ஒன்றும் திருடவில்லை.

அண்ணன் கங்காதரன் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். முட்டையிலிருந்து ஆரம்பித்தால்தான் அது புரியும்.

கருக்கூடிய கோழி முட்டையை அடைகாக்கும் பெட்டியில் சில நாள் வைத்து, ஓட்டில் நகத்தளவு சன்னல் வெட்டினால் உள்ளே மெல்லிய சவ்வு தெரியும். அதன்மேல் புற்றுநோய்க் கட்டியின் துணுக்கு ஒன்றை வைப்போம். அந்தத் துணுக்குக்குப் பசிக்கும்போது அது ஒரு சமிக்ஞை அனுப்பும். தண்ணீர் லாரி ஹாரன் கேட்டதும் தெருவே குடத்தோடு ஓடுமே, அப்படி நாலா பக்கமிருந்தும் ரத்தக் குழாய்கள் அதை நோக்கி வளர்ந்து வரும். அந்தக் குழாய்களில்தான் கட்டி சாப்பிடுகிறது. அதே குழாய்களில் ஏறித்தான் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் குடிபோகிறது.

என் துறை மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வருகிற புற்றுநோய். வெள்ளைக்காரனுக்கு வெயில் பட்ட முதுகில் வரும். நம்மவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் யாரும் பார்க்காத உள்ளங்காலில் வரும். கட்டி பரவுவதற்கு முன்பே அந்தச் சமிக்ஞை ரத்தத்தில் ஏறும், அதை அளந்தால் பரவுவதற்குள் பிடித்துவிடலாம் என்பது என் கட்சி. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். எத்தனை உயிர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முட்டைகளைப் பண்ணையிலிருந்து காரில் கொண்டுவந்து தருவது அண்ணன்தான். கூரியர்காரன் குலுக்கி எடுத்துவிடுகிறான் என்று ஒருமுறை புலம்பினேன், அதோடு சரி. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவரை ஒவ்வொரு பள்ளத்திலும் திட்டிக்கொண்டே வருவார். எங்கள் தெருவில் எனக்கு முட்டை டாக்டர் என்று பட்டப்பெயர். அண்ணன் காதில் விழுந்தால் சண்டைக்குப் போய்விடுவார். "எந்தம்பி கேன்சருக்கு மருந்து கண்டுபுடிச்சிகினு கீறான். உனுக்கு இன்னா தெரியும்?" எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "இவரே அடைகாக்குறாரு, இவருக்கு எதுக்குப் பொண்டாட்டி?" என்பார் அண்ணி ஜெயக்கொடி. அவர்கள் வீட்டு மாடியில்தான் இருந்தேன், அவர்கள் சோற்றைத்தான் தின்றேன். இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் கட்டுரையை ஒவ்வொரு ஆய்விதழும் ஒரே காரணம் சொல்லித் திருப்பியது. முட்டை மனிதன் இல்லையாம். மனித உடம்பில் ஆரம்பத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். யார் பார்த்திருக்க முடியும். மெலனோமா என்று தெரிந்த நிமிடமே வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வெட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் தைரியமும் இல்லை. முட்டையிடுகிற கோழிக்குத்தான் வலி தெரியும். ஏசி அறையில் உட்கார்ந்து திருப்பி அனுப்புகிறவனுக்கு என்ன.

போன தை மாதம் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். ஆண்பிள்ளை இல்லாததால் மகள் ஓவியாவும் நானும் பாத பூஜை செய்தோம். தாம்பாளத்தில் அண்ணன் காலை வைத்தார். பால் ஊற்றிக் கழுவினேன். வலது காலைத் துடைப்பதற்காகத் தூக்கியபோது உள்ளங்காலில் அது இருந்தது. புளியங்கொட்டை அளவு கறுப்பு, ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் நீலம் பாய்ந்து.

வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதுதான் வேடிக்கை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் அண்ணன் தவறாமல் தீ மிதிப்பவர். போன தடவை மிதித்தபோது கங்கு ஒட்டிக்கொண்ட தழும்பு அது என்று நினைத்திருந்தார்கள். அன்றைக்கும் நான் காலைப் பிடித்தபடியே இருந்ததைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "இன்னாடா பாக்குற? ஆத்தா வெச்ச முத்திரைடா அது." சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் அதைச் சுற்றிச் சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்றால், அநேகமாகப் பிழைத்திருப்பார். சுற்றுச் சதையோடு வெட்டி எடுத்திருப்பார்கள், கொஞ்சம் நொண்டியிருப்பார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் நான் தேடிய ஒன்று என் வீட்டிலேயே, என் கைக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது. அதைக் குப்பையில் போடச் சொல்வதற்கு யாருக்கு என்ன உரிமை. அண்ணன் வாழ்நாளில் நான் கேட்டு எதையும் இல்லை என்றதில்லை. இதையும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. அதற்காக ரத்தம் எடுப்பது எப்போதும் நான்தான். தை முதல் ஒரு குழாய் சேர்த்து எடுத்தேன், அவ்வளவுதான். பங்குனி வாக்கில் முத்திரை புண்ணாகி நீர் கசிந்தது. சர்க்கரைப் புண் என்றேன். தினமும் காலையில் நானே கழுவி, நானே மருந்து போட்டு, நானே கட்டுக் கட்டினேன். தெருவில் என்னைப்போல் ஒரு தம்பி உண்டா என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே. கழுவியது பொய்யில்லையே.

ஓவியாதான் குறுக்கே வந்தாள். சி.ஏ. படிக்கிற பெண், எதையும் இரண்டு தடவை கேட்பாள். "சித்தப்பா, இவ்ளோ நாளாகியும் ஆறலையே. குரோம்பேட்டையில ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா? ஜஸ்ட் ஒரு ஒப்பீனியன்."

"அந்த டாக்டர் படிக்கிற புத்தகத்தை எழுதுறவன் நான்," என்றேன்.

அண்ணன் அவளை அதட்டினார். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க? வூட்லயே ஒரு டாக்டர வெச்சிகினு எவன் வூட்டு வாசல்லயோ போயி நிக்கச் சொல்றியா?" அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று அண்ணன்மேல் பொங்கிக்கொண்டு வந்த பாசத்தை உங்களிடம் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சிக்கல் என்னவென்றால், சமிக்ஞை ஏறவில்லை. மாதங்கள் போயின, ரத்தத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆடி வந்தது. புண்ணோடு தீ மிதிக்க வேண்டாம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள் என்று அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு. அதன் பிறகுதான் மாதாமாதம் ரத்த அளவைக் குறித்துவந்த வரைபடம் எழுந்தது. ஆவணியில் லேசாக, புரட்டாசியில் செங்குத்தாக, நான் எழுதி வைத்திருந்த மாதிரியே ஏறியது.

ஐப்பசியில் தொடை இடுக்கில் கட்டி தென்பட்டது. "கால்ல புண்ணு இருந்தா நெறி கட்டத்தான் செய்யும்," என்று அண்ணி நல்லெண்ணெய் தடவிவிட்டார். கார்த்திகையில் இருமல். ஓவியா என்னிடம் சொல்லாமலே அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கப் புள்ளி. அங்கே இருந்த டாக்டர் அவளைத் திட்டினாராம், இத்தனை நாள் என்னம்மா செய்துகொண்டிருந்தீர்கள் என்று. மார்கழியில் அண்ணன் போய்விட்டார். கடைசி நாட்களில் பேச்சு வரவில்லை, என் கையை மட்டும் விடவே இல்லை. கொள்ளி வைத்தது நான்தான்.

இதில் எதையும் யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை சார். நானேதான் சொன்னேன். காரியம் முடிந்து ஓவியா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். "நான்தான் விட்டுட்டேன், நான்தான் விட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா சாவு வீண் போகவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா. மாடிக்குக் கூட்டிப்போய் லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். தை முதல் எல்லாவற்றையும் சொன்னேன். களிம்பையும் சொன்னேன்.

ஆமாம், களிம்பு. உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. ஆடி முதல் நான் புண்ணில் போட்டது மருந்து இல்லை. ரத்தக் குழாய்களை வரவழைக்கும் அந்தச் சமிக்ஞைப் புரதத்தை எங்கள் கூடத்திலிருந்து எடுத்துக் களிம்பில் கலந்து, தினமும் காலையில் கட்டிமேல் தடவினேன். இயற்கை சோம்பலாக இருந்தது, கொஞ்சம் தூண்டிவிட்டேன். எரிகிறதா அண்ணா என்று கேட்டால், "தீயே மிதிச்சவன்டா, இது இன்னா ஜுஜுபி" என்பார். கட்டி பரவட்டும் என்று தெரிந்தேதான் தடவினேன். இதைக் கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், நான் ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லமாட்டேன். வருத்தமா என்று கேட்காதீர்கள். எனக்கு வருத்தம் இல்லை. நாளைக்கு உங்கள் காலில் ஒரு கறுப்பு வந்தால், ஒரு சொட்டு ரத்தத்தில் அது தெரியும். அப்போது என்னை நினைப்பீர்கள்.

ஓவியா அழுவாள் என்று நினைத்தேன், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆடி மாதத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இங்கதான் நீங்க தடவ ஆரம்பிச்சது, இல்லையா சித்தப்பா? அப்போ அப்பா ரத்தத்துல ஏறினது கட்டி அனுப்பினதா, நீங்க தடவினதா? எப்படிப் பிரிச்சுப் பார்த்தீங்க?"

அவளுக்கு என்ன தெரியும். வரவு செலவு பார்க்கிற பெண். என் வாயிலிருந்து பதில் வருவதற்குள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஏதாவது ஒரு பதில் கட்டாயம் இருக்கும், யோசிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். இங்கே மின்விசிறி சத்தத்தில் யோசிக்க முடியவில்லை.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் சார். பாத பூஜையை எழுதுங்கள், களிம்பை எழுதுங்கள், அண்ணனை நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஓவியா கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள். அண்ணன் வரைபடத்தைச் சேர்த்துத் திரும்ப அனுப்பிய கட்டுரை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.