மூன்றாம் காட்சியில் ஒரு பொன்னாடை

ஆனந்தராஜா: ...நாடகம் முடியுமட்டும் எண்டாலும் பொறுத்திருக்கக் கூடாதே, குருமூர்த்தி அண்ணை?

குருமூர்த்தி: கடை திறக்கமுன்னமே சண்டையோ? முதல்ல தேத்தண்ணியைக் குடியும்.

ஆனந்தராஜா: வேண்டாம். நேற்றிரவு மோர்டன் சேர்ச் மண்டபம், நூறு வருசத்துக்கு முந்தின இங்கிலீசுப் பகிடி நாடகம், சபை நிறைய வெள்ளைக்காரர். நான் வீட்டு வேலைக்காரன். கையில சான்ட்விச் தட்டு. நீங்கள் நடுக்காட்சியில மேடையில ஏறி எனக்குப் பொன்னாடை போர்க்கிறியள்.

குருமூர்த்தி: எங்கட பக்கம் நல்லா நடிச்சால் அந்த இடத்திலயே போர்க்கிறதுதானே.

ஆனந்தராஜா: நான் அப்ப நடிக்கவேயில்லை. சும்மா நிண்டனான்.

குருமூர்த்தி: நிண்டதும் வடிவாத்தான் இருந்தது.

ஆனந்தராஜா: பிரபுவா நடிச்ச கிழவன், ‘உனக்கு இண்டைக்குப் பிறந்தநாளோ’ எண்டு கேக்கிறான். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது.

குருமூர்த்தி: பகிடி நாடகத்துக்குச் சிரிக்காமல்... அழவோ வந்தவை?

ஆனந்தராஜா: உங்களுக்கு விளையாட்டு. ஊரில நான் இங்கிலீசு வாத்தியார். எண்பத்தி நாலில இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருசமா, பெற்றோல் அடிக்கிற இடத்தில ‘நாலாம் பம்போ, ரசீது வேணுமோ’ எண்டதுக்கு மேல ஒரு இங்கிலீசு வசனம் வாயில வரேல்ல. இதில பதினொரு வசனம். இன்னொருக்கா பிழை விட்டால் சனிக்கிழமை திரும்பப் போடேக்க வேற ஆள் எண்டு நாடகம் பழக்கிற மிஸிஸ் பார்க்கர் சொல்லிப்போட்டா.

குருமூர்த்தி: தெரியும்... இப்ப என்னவாம்?

ஆனந்தராஜா: காலமை போன் எடுத்தவ. சனிக்கிழமையும் நான்தானாம். உங்களையும் வரட்டாம், சால்வையோட.

குருமூர்த்தி: பிறகென்ன? மூஞ்சையை நீட்டாமல் குடியும்.

ஆனந்தராஜா: போர்க்கேக்க காதுக்குள்ள என்ன சொன்னனீங்கள்?

குருமூர்த்தி: வாழ்த்தினனான்.

ஆனந்தராஜா: ‘சீமாட்டி தோட்டத்தில காத்திருக்கிறா, ஐயா’ எண்டு இங்கிலீசிலயோ வாழ்த்துறது?

குருமூர்த்தி: தேத்தண்ணி ஆறப்போகுது.

ஆனந்தராஜா: அது என்ர வசனம், அண்ணை.

குருமூர்த்தி: மூண்டு மாசமா இந்த அரிசி மூட்டையளுக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினீர். மூட்டைக்கே பாடம், எனக்கு வராதோ? உம்மட கண் மேல போக விளங்கிட்டுது, ஆள் வசனத்தைத் துலைச்சிட்டார் எண்டு. சால்வை கடைசியில போர்க்கக் கொண்டு வந்ததுதான்... கொஞ்சம் முந்திப் போர்த்தன். மறந்ததை அந்த மனிசியிட்டச் சொல்லிப்போடாதையும்.

ஆனந்தராஜா: திரை விழுந்த உடனயே சொல்லிப்போட்டன், அண்ணை. காலமை போனில, ‘எனக்கும் விளங்கினது. அதுக்குத்தான் அவரைப் பக்கத்தில வைச்சிருக்கச் சொல்லுறன்’ எண்டவ... நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனான். வாசலில உங்களைக் கண்டதும் அழுகை வரப் பார்த்தது, அதுதான் சண்டை பிடிச்சனான்.