நூற்றுப் பதினேழாம் பம்பு

"ஹலோ... ஹலோ டாக்டர்... உமாராணி பேசுறேன்... ஆமா, ஆமா, மூணு தடவ கூப்பிட்டது நான்தான்... மீட்டிங்ல இருந்தீங்களா... சரி, சரி. ரெண்டே நிமிசம் டாக்டர், போன வச்சிடாதீங்க."

உமாராணி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கோலா கெத்தில் டவுனில் கடைவரிசைக்குப் பின்னால், மீன்கடைச் சாக்கடை ஓரமாக நிறுத்தியிருந்தாள். அதைவிட நல்ல இடம் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. பின் சீட்டில் நவமணி உட்கார்ந்திருந்தாள், மருந்தடிக்கும் வேலைக்குப் போடும் முழுக்கைச் சட்டையோடும் ரப்பர் பூட்ஸோடும். மணி இரண்டே கால். நாலு மணிக்கு நவமணி தோட்டத்து ஆபீசில் போய் நிற்க வேண்டும். நாளை வெளிவரும் ஆய்வு நூலில் தோட்டத்தைப் பற்றிச் சொன்னது தான்தான் என்று அங்கே ஒத்துக்கொண்டாலும் சரி, போகாமல் ஒளிந்துகொண்டாலும் சரி, பெர்மிட் இல்லாத அவளைப் பிடித்துப்போகச் சொல்லி, ஆள் வைத்து வேலை வாங்கும் குத்தகைக்காரர் பக்கிரிசாமி இமிகிரேசனுக்குப் போன் போடுவார். அதை அவர் ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, காலையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். நவமணியின் ஆறு வயது மகள், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து வீட்டில் இருந்தாள். ஆகவே ஓடிப்போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"...இல்ல டாக்டர், வெளியீட்டு பேனர் விசயம் இல்ல. பேனர்ல என் பேரு இல்லேன்னு கேக்க வரல... அது கெடக்கட்டும் லா. நான் நவமணி விசயமா... நவமணி டாக்டர். பர்மாவுலேருந்து வந்தவங்க. நம்ம புத்தகத்துல நாலாவது அத்தியாயம் முழுக்க அவங்கதானே... ஆ, அந்தக் கேஸ்தான். டேப்பக் கேட்டுட்டு நீங்க அழுதீங்களே, அதே கேஸ்."

டாக்டர் வாணி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். அவருடைய ஆய்வின் தலைப்பை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது: பாலினச் சமத்துவம், வேலைச் சோர்வு, ஆயுத மோதலில் இடம்பெயர்ந்த பெண்கள். இந்த மூன்றும் ஒருத்தியிடமே கிடைத்துவிட்டால் ஆய்வு செய்கிறவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. நவமணியிடம் மூன்றும் இருந்தன. மோல்மேன் பக்கத்து ஊரில் குண்டு விழுந்தபோது கைக்குழந்தையோடு ஓடிவந்த பர்மாத் தமிழச்சி அவள். இங்கே ஆண்கள் சுமக்கிற அதே மருந்துப் பம்பை முதுகில் சுமந்து, அதே செம்பனைக் காட்டில் மருந்தடித்து, குறைந்த கூலி வாங்கினாள். கரு கலைந்த மூன்றாம் நாளே பம்பைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். இதையெல்லாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதியவள், டாக்டரின் ஆய்வு உதவியாளரான உமாராணி. நாளைக்குச் சுங்கை பட்டாணியில் ஓட்டல் ஒன்றில் நூல் வெளியீடு.

"...தோட்டத்துக்கு முன்கூட்டியே ஒரு காப்பி அனுப்பினீங்களா இல்லையா... மரியாதைக்கா. சரி, மரியாதைக்கு. மெனேஜர் படிக்கல டாக்டர், ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி படிச்சாரு. படிச்சிட்டு பக்கிரிசாமி கையில கொடுத்திருக்காரு. அவரு காலைல பெரட்டுல, ஆளுங்க எல்லாம் வேலைக்கு வரிசையா நிக்கிறப்போ, அந்தப் பக்கத்தத் தொறந்து சத்தமா வாசிச்சிருக்காரு. வாசிச்சு முடிச்சிட்டு நேரா இவங்க முன்னால போயி நின்னாராம்... ஆமா, நேரா. யாருன்னு தேடவே இல்ல."

"...அதத்தான் நானும் கேக்குறேன். அவங்க பேரு எப்படி வெளிய போச்சு? நான் யார்கிட்டயும் மூச்சு விடல. பேட்டி எழுதின பாரத்த எல்லாம் உறையில போட்டு ஒட்டி, உங்க கையிலதான் கொடுத்தேன். உங்க ஆபீசுல யாரோ... இல்ல, கோவப்படல... சரி, கோவந்தான். பேரு வராதுன்னு அவங்க கையப் பிடிச்சுச் சொன்னது நான்தானே டாக்டர், நீங்க இல்லையே."

"...பேரே இல்லையா... தோட்டத்துப் பேரும் இல்லையா... அப்ப என்னதான் போட்டிருக்கீங்க?... படிங்க, கேக்குறேன்... ம்... ம்... தகவல் தந்தவர், நூத்திப் பதினேழு..."

உமாராணி திரும்பி நவமணியைப் பார்த்தாள்.

பாரத்தின் மேல் மூலையில் ஒரு கட்டம் உண்டு. பெயரை எழுதாதே, ஓர் எண்ணைப் போடு என்று பல்கலைக்கழகக் கையேடு சொல்லியிருந்தது. டவுனில் வளர்ந்தவர்களாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போயிருப்பார்கள். உமாராணி லயத்தில் பிறந்தவள். அவளுடைய அம்மாவின் நம்பர் நாற்பத்து மூன்று. பெரட்டில் அம்மாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கடையிலும் கிளினிக்கிலும் அதே நம்பர்தான், உமாராணியைக்கூட நாற்பத்து மூணு மகள் என்பார்கள். நம்பர் என்றால் அது ஏற்கெனவே ஒருவருக்கு இருப்பது என்றுதான் அவள் புத்தியில் பதிந்திருந்தது. அதனால் போன வீட்டிலெல்லாம் அவள் கேட்ட முதல் கேள்வி, உங்க நம்பர் என்ன. அவள் பேட்டி கண்ட அறுபது பெண்களும் யோசிக்காமல் சொன்னார்கள். நவமணி வாயைக்கூடத் திறக்கவில்லை, மூலையில் கிடந்த பம்பைக் காட்டினாள். அதில் சிவப்புப் பெயிண்டில் 117 என்று எழுதியிருந்தது. உமாராணி அதைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டாள்.

தோட்டத்தில் நவமணி என்ற பெயரைத் தெரியாதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். நூற்றுப் பதினேழு யார் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. மற்ற பெண்கள் சொன்னதெல்லாம் அட்டவணைக்குள் போய் விழுக்காடாகிவிட்டது. கதையாக அச்சேறியது இவள் ஒருத்தியின் வாழ்க்கைதான்.

"...இருக்கேன் டாக்டர். லைன்லதான் இருக்கேன்... அந்த நம்பரப் போட்டது நான்... இல்ல, வரிச நம்பர் இல்ல. அது அவங்க பெரட்டு நம்பர். அவங்க பம்புல எழுதியிருக்கிற நம்பர்... ஆமா... ஆமா, என் தப்புதான். என் புத்திய செருப்பால அடிக்கணும்... பாரத்த எல்லாம் சரி பாத்தேன்னு கையெழுத்து போட்டது நீங்க. அது இப்ப எதுக்கு, விடுங்க."

"இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க. நாளைக்கு வேணாம், தள்ளி வைங்க... முன்னூறு காப்பி அச்சடிச்சாச்சா... மந்திரி ஆபீசுலேருந்து வராங்களா... நெட்டுல வேற ஏத்தியாச்சா... அப்ப மெனேஜருக்கு ஒரு போன். ஒரே ஒரு போன் டாக்டர். அந்த நம்பர் சும்மா போட்டது, யாரையும் குறிக்கலன்னு நீங்க சொன்னா அவரு நம்புவாரு... பொய்யா... நெறிமுறைக் குழு... ம்... ம்... அனுமதி கொடுத்த தோட்டம், ஒறவு கெடக்கூடாது. தெரியும். தெரியும் டாக்டர்."

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நவமணியின் முகம் தெரிந்தது. அவள் பேச்சைக் கவனிக்கிற மாதிரி இல்லை, பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கார் அழுக்காகக்கூடாதாம்.

"...கவுன்சலிங் எல்லாம் அவங்களுக்கு வேணாம் டாக்டர்... யாருக்கு, எனக்கா? எனக்கு வேலைச் சோர்வா? நல்லாக் கண்டுபிடிச்சீங்க போங்க. சோர்வ அளக்குற அந்த இருபத்திரெண்டு கேள்வியையும் மொதல்ல என்கிட்டதானே கேட்டுப் பாத்தீங்க. மார்க்கு இவ்வளவு ஒசரமா வருதே, கேள்வியில ஏதோ கோளாறுன்னு சிரிச்சீங்க... ஞாபகம் இல்லையா. எனக்கு இருக்கு. ஞாயித்துக்கிழம கூட அந்த யான் ஊரு வரைக்கும் என் சொந்தக் காடிய, சொந்த எண்ணெ போட்டு ஓட்டிக்கிட்டு... சரி, அத விடுங்க. நவமணிகிட்டயும் கேட்டேன், வேலையில மனசு வெறுத்துப் போச்சான்னு. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? வேல இருக்கிற நாள்ல பயமில்லக்கா, வேல இல்லாத நாள்லதான் பயம்னாங்க. அதுக்கு உங்க பாரத்துல கட்டமே இல்ல. நான் சைபர் போட்டேன்... கத்தல டாக்டர். கத்தல."

நியாயமாகச் சொன்னால் டாக்டர் வாணி கெட்ட மனுஷி இல்லை. உமாராணியைத் தொழிற்சாலை ஷிப்டிலிருந்து இழுத்து வந்து மாஸ்டர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதே அவர்தான். ஆனால் அந்த நூலின் அட்டையில் அவர் பெயர் இருந்தது, நவமணியின் முதுகில் வெறும் நம்பர்தான் இருந்தது. உமாராணிக்கு அந்த நேரத்தில் ஜெயகுமாரின் நினைவு வந்தது. போன வருடம் யான் வட்டாரத்தில் கணக்கெடுக்கப் போன ஜெயகுமார், பன்னிரண்டு பாரத்தைக் காப்பிக் கடையில் உட்கார்ந்து அவனே நிரப்பினான். விஷயம் தெரிந்த அன்று டாக்டர் அச்சகத்தைப் பார்க்கவில்லை, மந்திரியைப் பார்க்கவில்லை, தோட்டங்களோடு உள்ள உறவையும் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் யான் பகுதி முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். பொய்த் தகவல் என்றால் மட்டும் அவருக்கு ஈவிரக்கம் கிடையாது.

"டாக்டர்... ஒரு விசயம் சொல்லணும்... இல்ல, நீங்க மொதல்ல கேளுங்க. அந்தப் பேட்டி உண்ம இல்ல."

நவமணி நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் இருவர் கண்ணும் சந்தித்தன. இப்படிச் சொல்லிவிடட்டுமா என்று உமாராணி புருவத்தால் கேட்டாள். நவமணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தலையசைத்தாள்.

"...உண்ம இல்லேன்னா உண்ம இல்ல. நான் கட்டின கத... நிதானமாத்தான் பேசுறேன். மூணும் ஒரே ஆளுகிட்ட வேணும், வேணும்னு வாரா வாரம் கேட்டீங்க. கெடைக்கல, நானே எழுதினேன்... டேப்பா? அது எங்க சித்தி மக. எழுதிக் கொடுத்துப் பேச வச்சேன்... பர்மாப் பேச்சு மாதிரியே இருந்திச்சா. நல்லாப் பேசுவா டாக்டர், கோயில் திருவிழாவுல நாடகம் போடுறவ... நம்பர், வழியில கெடந்த ஒரு பம்பப் பாத்து எடுத்தேன். அந்தப் பம்ப தூக்குறவங்களுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"...கொஞ்சம் முன்ன சொன்னதா? கையப் பிடிச்சு வாக்குக் கொடுத்தேன்னு சொன்னதா... மாட்டிக்கிட்டோமேங்கிற பயத்துல சொன்னேன்... நம்ப மாட்டீங்களா. நம்பாட்டி பரவால்ல. நான் சொல்லிட்டேன், நீங்க கேட்டுட்டீங்க. இதையே நெறிமுறைக் குழுவுக்கும் எழுதிக் கொடுப்பேன். தெரிஞ்சுக்கிட்டே நாளைக்கு நீங்க மேடை ஏறுவீங்களா டாக்டர்?"

உமாராணி கார்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது.

"...ஆமா... ஆமா, எழுதித் தரேன். கையெழுத்து, ஐசி நம்பர், எல்லாம் போட்டு... மெனேஜருக்கு மூணரைக்குள்ள ஈமெயில் போயிருமா... போனும் போடுறீங்களா. என்ன சொல்லுவீங்க, ஒரு தடவ எனக்குச் சொல்லிக் காட்டுங்க... ம்... எங்க ஊழியர் இட்டுக்கட்டினது... ம்... உங்க தோட்டத்து ஆளு யாரும் எங்ககிட்ட பேசல... போதும். அது போதும் டாக்டர்... நாளைக்கு நிப்பாட்டிட்டீங்களா. நெட்டுலேருந்தும் எடுத்துருவீங்களா... நல்லது."

ஒரு பெண் பிழைக்க வேண்டும் என்று கெஞ்சியபோது அசையாத முன்னூறு காப்பி, ஒரு பொய் என்றதும் ஐந்து நிமிடத்தில் அசைந்துவிட்டது. இனி பக்கிரிசாமிக்கு வாய் இருக்காது. அவருக்கும் மருந்தடிக்க ஆள் வேண்டும், பெர்மிட் இல்லாத ஆளை வைத்திருக்கிறவர் சும்மா இமிகிரேசனைக் கூப்பிடவும் மாட்டார். நவமணி நாளைக்கும் அதே பம்பைத் தூக்கலாம். இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்தது அந்தப் பம்பைத்தான் என்று நினைத்தபோது உமாராணிக்குத் தன் மேலேயே கசந்தது.

"...மாஸ்டர்ஸ் போச்சு, தெரியும்... வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. தெரியும் டாக்டர், ஜெயகுமார் வீட்டுக்கு லெட்டர் கொண்டுபோயி கொடுத்ததே நான்தான்... வருத்தமா? உங்களுக்கா... சரி... சரி... என்னது? மொதப் பக்கமா?"

பேட்டிக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு டின் பிஸ்கட்டும் கொடுப்பது வழக்கம். நவமணி அதை வாங்கவில்லை. அவளுடைய தம்பி காளிதாசனை ராணுவம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. சடலமும் வரவில்லை, ஒரு துண்டுத் தாளும் வரவில்லை. என் பேரு வேணாம்க்கா, என் தம்பி பேர எங்கயாவது ஒரு எடத்துல போட்டுருங்க என்று மட்டும்தான் அவள் கேட்டாள். உமாராணி டாக்டரிடம் மல்லுக்கு நின்று, முதல் பக்கத்தில் 'காளிதாசன் நினைவுக்கு' என்று போட வைத்தாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் நவமணி அதைத் தன் போன் திரையில் வைத்துக்கொண்டாள். இப்போதும் அந்தப் போன் அவள் மடியில்தான் இருந்தது.

"...அந்தப் பேரா... அதுவும் நான் வச்சதுதான்... இல்ல டாக்டர். அப்படி ஒரு தம்பி இல்ல. யாரையும் எந்தச் சண்டைக்கும் பிடிச்சிட்டுப் போகல..."

உமாராணி கண்ணாடியைப் பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"...ஆமா. காளிதாசன்னு யாரும் இல்ல... ஆமா டாக்டர். அந்தப் பக்கத்தையும் கிழிச்சிருங்க... ஹலோ... ஹலோ."

லைன் அறுந்திருந்தது. பின் சீட்டில் நவமணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளங்கையில் சேர்த்த மண்ணை இன்னும் கொட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.