வெள்ளிக்கிழமைக் கதவு

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாசிகசாலைத் தலைவர் நல்லரத்தினம் அவர்களே, பெரியவர் முகைதீன்பாவா அவர்களே, வாவியைக் கடந்து வந்திருக்கும் தாதி றஸீனா அவர்களே, மடியில் பிள்ளைகளோடு என்னையும் பொறுத்துக்கொள்ளப்போகும் தாய்மாரே, வணக்கம்!

நான் செய்தியாளன், செய்தியை முதலில் சொல்கிறேன். நம் வாவிக்கரையில் எச்.ஐ.வி. ஒழிந்துவிட்டது! மேலிடத்திலிருந்து வந்த ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதிக் கடிதம் அப்படிச் சொல்கிறது. கடிதம் வந்தது உண்மை என்று அக்கரைச் சுகாதார நிலையப் பொறுப்பாளர் யோகராசா இன்று காலை எனக்கு உறுதிப்படுத்தினார். வெள்ளிக்கிழமைப் பதிவேட்டில் மூன்று மாதமாக ஒரு பெயரும் இல்லை. ஆகவே நோய் இல்லை. ஆகவே மருந்தும் இனி வராது.

கை தட்டுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அந்த நிலையத்தில் செவ்வாய் காசநோய்க்கு, முன் கதவு. வெள்ளி எச்.ஐ.வி.க்கு, பின் கதவு. இரகசியம் காக்கவேண்டுமே! அதற்காகப் பின் கதவுக்கு நீல வர்ணம் பூசி, 'இரகசிய ஆலோசனை' என்று பலகையும் அடித்தார்கள். எழுத்து எவ்வளவு பெரிது? தோணியில் வரும்போதே வாசிக்கலாம்!

எனக்கு ஒரு நண்பர். மீன் பிடிப்பவர். இரண்டு நோயும் அவருக்கு.

ஆர் அந்த ஆள் என்றா கேட்கிறீர்கள், தம்பி? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் மருந்தை விட்டார்.

ஒரு உடம்பு, இரண்டு நாள், இரண்டு பயணம். யுத்த நிறுத்தம் என்று பத்திரிகையில் நாங்கள் எழுதுகிறோம். ஆனாலும் துறையில் படையினர் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். "செவ்வாயும் போனாய், வெள்ளியும் ஏன்?" என்று காவலரணில் கேள்வி. அதையும் தாண்டினால் தோணிக்காரர் ஆதம்பாவா:

"என்னகா, இண்டைக்கு வெள்ளியெல்லோ! நீலக் கதவுக்கா போறயள்?"

தோணியே சிரித்ததாம். அடுத்த வெள்ளி நண்பர் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை.

செவ்வாயன்று றஸீனா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன், மற்ற மருந்து எங்க?"

"வேணாம் மிஸ்ஸி. நோயில செத்தாலும் பரவாயில்ல, தோணியில சாக ஏலா."

"சாகிற கதைய விடுங்க. இனி ரெண்டையும் இஞ்சயே தாறன். ஆரும் கேட்டா இருமலுக்கு எண்டு சொல்லுங்க."

ஒரே அறை, ஒரே நாள், ஒரே செவ்வாய்ப் பதிவேடு. விட்டுப்போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், வெள்ளிக்கு வந்துகொண்டிருந்தவர்களும் செவ்வாய்க்கு மாறினார்கள். அதனால் வெள்ளிப் பதிவேடு வெறுமையானது. மேலிடத்தில் திறந்தது வெள்ளிப் பதிவேட்டை மட்டும். ஒரு தாதி மனிதரைக் காப்பாற்றினார். அலுவலகம் நோயை ஒழித்தது!

பதிவேட்டில் ஆள்தானே வேண்டும்? கொடுப்போம். வரும் வெள்ளி எல்லோரும் தோணி ஏறுவோம். இருமல் உள்ளவரும் வருவோம், இல்லாதவரும் வருவோம். பிள்ளை பெற்றவரும் வருவோம், பிரஷர் பார்ப்பவரும் வருவோம். அந்த நீலக் கதவால் ஊரே நுழைந்தால், யார் எதற்கு வந்தார் என்று எந்தத் தோணி சிரிக்கும்?

பின்வரிசையில் யார் எழும்புவது? ஆதம்பாவாவா? சொல்லுங்கள் காக்கா, மூத்தவர் நீங்கள்.

"நான் கேட்டது பிழைதான். வெள்ளிக்கு மூணு நடை கூட ஓடுறன். ஏறுங்க."

நன்றி. இது கை தட்டவேண்டிய இடம்.

மீதிச் செய்தி இதுதான். இரண்டு நோய்க்கும் ஒரே அறையில், ஒரே நாளில் மருந்து கொடுக்க அனுமதி கேட்டு றஸீனா எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. ஒக்டோபர் இருபத்தெட்டில் வரும் என்கிறார்கள். என் நண்பரிடம் மாத்திரை இருபத்தைந்தாம் திகதி வரைக்கும்தான் இருக்கிறது.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. வெள்ளிக்கிழமை துறையில் சந்திப்போம். வணக்கம்.