புதன்கிழமைக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போய்வந்தது குறித்து

என் முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் முகப்புத் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் உள்ள ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். உடன் வசிப்பவர்கள் விவரம் கேட்கப்பட்டது. யாரும் இல்லை. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வெளியூரில் இருக்கும் என் தம்பியின் எண்ணைக் கொடுத்துள்ளேன். அவன் போனை எடுப்பானா என்று காவல் ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு, வேலை நேரமாக இருந்தால் எடுக்க மாட்டான் என்று சொன்னேன்.

நான் சிறுகடன் கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பல வருடங்கள் களப்பணியாளராக வேலை பார்த்தேன். கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்தால், தொழில் தொடங்க அவர்களுக்குச் சிறு தொகை கொடுத்து, வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்குவது நிறுவனத்தின் வேலை. அலுவலகத்தில் நிர்வாகி ஐயா, கணக்கர், நான் ஆகிய மூவர்தான். புதன்கிழமைதோறும் நான் போகும் கிராமத்தில் மாவு மில்லின் பின்னறையில் கூட்டம் நடக்கும். அங்கே எனக்குக் குழு அக்கா என்று பெயர். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் குழுவில் மில்காரரின் மனைவி, தையல்காரம்மா, சோப்பு காய்ச்சி விற்கும் அக்கா தங்கை இருவர், கோழிக்காரம்மா ஆகியோர் இருந்தார்கள். கோழிக்காரம்மாவின் கணவர்தான் இந்த வழக்கின் புகார்தாரர். அவர் வெளியூர் வேலைக்குப் போய் நெடுங்காலம் வீடு திரும்பாமல் இருந்தபோது, கோழிக்காரம்மா எங்களிடம் கடன் வாங்கிக் குஞ்சு பொரிக்கும் மிஷின் ஒன்று வாங்கினார். முட்டையும் அதுவே போட்டுவிடுமா என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அதன் பிறகு ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் குஞ்சு வாங்கினார்கள். மின்சாரம் நின்றால் மிஷின் ஆறிவிடக் கூடாது என்று தன் போர்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, அவர் குளிரில் படுப்பார்.

சென்ற மழைக்காலத்துக்குச் சற்று முன்பு நிர்வாகி ஐயா என்னைக் கூப்பிட்டு, "வெளியிலிருந்து வந்த நிதி நின்னுபோச்சும்மா. ஆபீசை மூடறோம். பாக்கிக் கடனையெல்லாம் தள்ளுபடி பண்ணியாச்சு. நீங்களே ஒரு தடவை போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். ஆபீசில் கொடுத்த தோள்பையை நான் திருப்பிக் கொடுக்க மறந்தேன், அவரும் கேட்கவில்லை. அதன் பிறகு வந்த புதன்கிழமை, செய்தி சொல்வதற்காகத்தான் நான் கிராமத்துக்குப் போனேன்.

நான் போனபோது எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தையல்காரம்மா, "பஸ் லேட்டா அக்கா? நாங்க வாசலையே பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார். கொஞ்ச நாளைக்கு வசூல் கிடையாது, ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். மீதியை டீ குடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். டீ வந்தது, குடித்தேன். சோப்பு கெட்டிப்படவில்லை என்று தங்கை கட்டியைக் காட்ட, எல்லோரும் முகர்ந்து பார்த்து ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழியனுப்ப வந்த கோழிக்காரம்மா அடுத்த வாரம் சீக்கிரம் வரச் சொன்னார், நானும் சரி என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் போனேன்.

இதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்கப்பட்டது. யாரிடமும் ஒரு பைசாவும் வாங்கவில்லை. பஸ் கட்டணம் என் கைக்காசு. அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்து, புதன்கிழமைகளில் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்தேன். அச்சகத்தில் மிஷின் சத்தத்தில் யாரும் பேசிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை கீழே சைக்கிள் கடையும் பூட்டிவிடும். அன்று எதுவும் தேவைப்படாவிட்டாலும் மளிகைக் கடைக்குப் போய் ஏதாவது ஒன்று வாங்குவேன். கடைக்காரர் "வேற?" என்று கேட்பார். சில வாரம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் காதில் விழுந்த பேச்சு அது ஒன்றுதான். இது வழக்குக்குத் தேவையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதால் சொன்னேன்.

மழை விட்ட பிறகு புகார்தாரர் ஊர் திரும்பினார். வந்ததும் கோழிக் கூண்டுகளை விற்றார். அதன் பிறகு, நண்பர் ஒருவரோடு சேர்ந்து வேன் வாங்க வேண்டும், மிஷினையும் கொடு என்று கேட்கிறார் என்று கோழிக்காரம்மா கூட்டத்தில் சொல்லி அழுதார். கூட்டம் முடிந்து அவரோடு அவர் வீடு வரை நடந்தேன். வாசலில் சரக்கு வண்டி நின்றிருந்தது. உள்ளே புகார்தாரர் அவர் மனைவியின் சொந்த மிஷினின் ஒயரில் கை வைத்திருந்தார். மிஷின் நிறைய முட்டை இருந்தது, பொரிக்கும் தறுவாய்.

"ஐயோ, இன்னைக்கோ நாளைக்கோ பொரிஞ்சிடும். அதுவரைக்குமாவது விடுங்க" என்று கோழிக்காரம்மா கேட்டார்.

"முட்டையைப் பார்த்தா வண்டி வாடகை யார் குடுப்பா?" என்றார் புகார்தாரர்.

அப்போது நான், "கடன் முடியற வரைக்கும் இந்த மிஷின் கம்பெனி சொத்து. ஒயரைக் கழட்டினீங்கன்னா உங்க மேல கேஸ் ஆகும்" என்று சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் யாரிடமும் பேசியதில்லை. அவர் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். ஆபீசில் இருக்கிறது என்றேன். அதற்குள் வண்டிக்காரர், "கேஸ் கீஸுன்னா எனக்கு வேணாம் அண்ணே" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புகார்தாரரும் வெளியே போனார். அதன் பிறகு கோழிக்காரம்மா ஒரு முட்டையை எடுத்து என் காதருகில் வைத்தார். உள்ளே கொத்தும் சத்தம் கேட்டது. அதற்காக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அதன் பிறகு புகார்தாரர் எங்கள் அலுவலகத்தைத் தேடிப் போயிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் விசாரித்து, நிர்வாகி ஐயாவிடம் போனில் பேசி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, அடுத்த புதன்கிழமை மில் பின்னறைக்கு வந்தார். வந்தவர், "இந்தம்மாவுக்கு வேலையும் கிடையாது, ஆபீசும் கிடையாது. ஊரையே ஏமாத்திட்டிருக்கு" என்றார். மில் ஓடிக்கொண்டிருந்ததால் சிலருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மில்காரரின் மனைவி எழுந்து போய் மில்லை நிறுத்தினார். புகார்தாரர் மறுபடியும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மைதான் என்றேன்.

"கடன் தள்ளுபடியா?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"ஆமா. மழைக்கு முன்னாடியே."

சோப்புக்காரர்களில் மூத்தவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். புகார்தாரர் போலீசில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கோழிக்காரம்மா கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"அன்னைக்கே அந்த மிஷின் என்னோடதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, நானே அந்த ஆளு முகத்துக்கு நேரா சொல்லியிருப்பேன். என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என் பொருளைக் கம்பெனி சொத்துன்னு சொல்லிட்டீங்களே அக்கா."

என் தோள்பையைப் பார்த்துவிட்டு அவர் மேலும் கேட்டார்.

"மழையிலயும் வெயில்லயும் இத்தனை வாரம் வந்தீங்க. எங்களுக்காகவா வந்தீங்க?"

"இல்லம்மா. எனக்காக" என்றேன்.

அவர் எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மில்காரரின் மனைவி மட்டும் அறையைப் பூட்டுவதற்காக நின்றிருந்தார். நாற்காலியை நானே மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்தக் கிராமத்துக்கு நான் போகவில்லை.

புகார் வந்த பிறகு ஆய்வாளர் அம்மா நிர்வாகி ஐயாவிடம் விசாரித்ததில், மிஷின் வாங்கிய ரசீது கோழிக்காரம்மாவின் பெயரில் இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே மிஷின் மீது கோழிக்காரம்மாவைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை என்பது புகார்தாரருக்குத் தெரிவிக்கப்பட்டதாக அறிகிறேன். இல்லாத நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன் என்ற புகார் என் மேல் இருக்கிறது. சொன்னது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

கோழிக்காரம்மாவும் இன்று வாக்குமூலம் கொடுக்க அழைக்கப்பட்டிருந்தார். காலையில் அவர் பேருந்து நிலையத்தில் கிராமத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி, இந்தக் காவல் நிலையத்துக்கு வரும் பஸ்ஸில் ஏறினார். நான் முன்பே ஏறிப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு முன்வரிசைக்குப் போனார். நடத்துநர் வந்ததும் சில்லறையை நீட்டினேன். "உங்களுக்கும் சேர்த்து முன்னாடி அந்தம்மா எடுத்துட்டாங்க" என்றார். இறங்கியதும் டிக்கெட் காசைக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவும் இல்லை, பேசவும் இல்லை. இப்போது வெளியே பெஞ்சில் தன் முறைக்காக உட்கார்ந்திருக்கிறார்.

இது முழுவதும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் "புகார்தாரர் வீட்டு மிஷின்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "அவர் மனைவியின் சொந்த மிஷின்" என்று எழுதச் சொன்னேன். அப்படியே திருத்தி எழுதப்பட்டது, திருத்திய இடத்தின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளது எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)